சொகுசு கார்: சந்தாவா, லீஸா, சொந்தமா? நாம எதுக்குத்தான் காசு கட்டுறோம்?

படம் பார்க்க மாசச் சந்தா, பாட்டு கேட்க மாசச் சந்தா. சோஃபாவும் ஃப்ரிட்ஜும்கூட இப்போ மாச வாடகைக்குக் கிடைக்குது. அந்த வரிசையில மெர்சிடிஸும் பி.எம்.டபிள்யூ-வும் வந்து நிற்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ‘டவுன் பேமென்ட் வேண்டாம், இன்ஷூரன்ஸ் எங்க பொறுப்பு, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க.’ கார் சந்தா விளம்பரங்களைப் பிழிந்தால் இந்த மூன்று வரிதான் மிஞ்சும்.

இதைச் சொன்னதும் வீட்டில் ஒரு குரல் கேட்கும்: “வாடகையா கட்டுற காசை இ.எம்.ஐ-யா கட்டினா கார் நம்மதாகிடுமேப்பா!” நண்பர்கள் பக்கம் இன்னொரு குரல் கேட்கும்: “மச்சி, கார் தேயுற பொருள். அதைப் போய் வாங்குவாங்களா?” ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதி, அந்த காரை நீங்கள் எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க என்ற ஒற்றைக் கேள்வியில் இருக்கு. விளம்பரம் அந்தக் கேள்வியைக் கேட்காது. லோன் கொடுப்பவரும் கேட்க மாட்டார். அதனால் நாமே கேட்டுப் பார்ப்போம்.

முதல்ல, மூணுக்கும் என்ன வித்தியாசம்?

சொந்தமாக வாங்கினால் கார் உங்கள் பெயரில் இருக்கும். லோன் முடியும்வரை ஆர்.சி புக்கில் வங்கியின் பெயரும் இருக்கும். சாலை வரி, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், கடைசியில் விற்கும்போது வரும் நஷ்டம் எல்லாம் உங்கள் கணக்கு.

லீஸ் என்பது நீண்ட வாடகை. பெரும்பாலும் 2 முதல் 5 வருஷம். கார் லீஸ் கம்பெனியுடையது. ‘மூணு வருஷம் கழிச்சு இந்த கார் இவ்வளவு விலை போகும்’ என்று அவர்கள் முதல் நாளே ஒரு மதிப்பு போடுவார்கள். இன்றைய விலைக்கும் அந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வட்டியோடு மாசம் மாசமாகப் பிரித்து உங்களிடம் வாங்குவார்கள். நடுவில் விலகினால் அபராதம் உண்டு.

சந்தா என்பது கிட்டத்தட்ட லீஸ்தான். ஆனால் காலம் குறைவு. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், பிரேக்டவுன் உதவி எல்லாம் ஒரே பில்லில் வரும். குறைந்தபட்ச மாதங்கள் முடிந்தபிறகு சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். சில திட்டங்களில் கார் மாடலையும் மாற்றிக்கொள்ளலாம்.

கவனிங்க, மூன்றிலும் அடிப்படைச் செலவு ஒண்ணுதான்: காரின் மதிப்பு குறைவது, அதாவது தேய்மானம். வாங்குபவர் அதை விற்கும் நாளில் மொத்தமாகக் கட்டுகிறார். லீஸ் எடுப்பவர் மாசாமாசம் கட்டுகிறார். சந்தாக்காரரும் மாசாமாசம்தான் கட்டுகிறார். ஆனால் கூடவே ‘எப்ப வேணா போகலாம்’ என்ற உரிமைக்கும் சேர்த்துக் கட்டுகிறார். அந்த உரிமைக்கு என்ன விலை, அது உங்களுக்குத் தேவையா என்பதுதான் விஷயமே.

அமெரிக்கா ஏற்கெனவே பார்த்த படம்

சொகுசு கார் சந்தாவைப் பெரிய அளவில் முயன்று பார்த்த நாடு அமெரிக்கா. 2017-ல் கேடிலாக் நிறுவனம் ‘புக் பை கேடிலாக்’ என்ற திட்டத்தை நியூயார்க்கில் தொடங்கியது. மாசம் 1,500 டாலர். ஒரு வருஷத்தில் 18 முறை வரை காரை மாற்றிக்கொள்ளலாம். வாரநாளில் செடான், ஃபேமிலி டிரிப்புக்கு பெரிய எஸ்.யூ.வி. ஆப்பில் ஒரு தட்டு தட்டினால் கார் வீட்டு வாசலுக்கு வரும். கேட்க எவ்வளவு ஜோரா இருக்கு!

அதே ஆண்டு போர்ஷே, அட்லாண்டா நகரத்தில் ‘பாஸ்போர்ட்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. மாசம் 2,000 டாலர் ஒரு வகை, 3,000 டாலர் இன்னொரு வகை. வோல்வோ தன் எக்ஸ்சி40 காரை மாசம் 600 டாலருக்கு, இன்ஷூரன்ஸையும் சேர்த்துக் கொடுத்தது. 2018-ல் பி.எம்.டபிள்யூ-வும் மெர்சிடிஸும் நாஷ்வில் நகரத்தில் சோதனை முயற்சியாக இறங்கின.

பிறகு என்ன ஆச்சு? கேடிலாக் கட்டணத்தை 1,800 டாலராக உயர்த்தியது. அப்படியும் தாக்குப்பிடிக்காமல் 2018 முடிவதற்குள் திட்டத்தை நிறுத்தியது. மெர்சிடிஸ் 2020-ல் கைவிட்டது. பி.எம்.டபிள்யூ 2021-ன் தொடக்கத்தில் மூடியது. வோல்வோவின் திட்டத்துக்கு கலிஃபோர்னியா டீலர்கள் சங்கம் கடும் எதிர்ப்பு தெரிவித்தது. ‘கம்பெனியே நேரடியாக வாடிக்கையாளரிடம் போனால் எங்க பிழைப்பு என்னாவது’ என்பது அவர்கள் கேள்வி.

டீலர் சண்டை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் செலவு. ஒவ்வொரு முறை கார் மாறும்போதும் அதைக் கழுவி, சரிபார்த்து, ஓர் ஆள் ஓட்டிவந்து கொடுத்து, பழைய காரைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். நீங்கள் கேட்கும் மாடல் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டுமென்றால், யாரும் ஓட்டாத சில கார்கள் சும்மா நிற்க வேண்டும். நின்றாலும் அவை தேயும். பத்துப் பேர் ஓட்டிய கார் செகண்ட் ஹேண்ட் சந்தையில் குறைவாகப் போகும். படத்தை எத்தனை பேர் பார்த்தாலும் படம் தேயாது. அதனால் ஓடிடி-யில் சந்தா எண்ணிக்கை கூடக்கூட லாபம் கூடும். காரில் அந்த மேஜிக் நடக்காது. ஒவ்வொரு புதுச் சந்தாதாரருக்கும் இன்னொரு கார் வாங்கியாக வேண்டும்.

சந்தா மலிவாக இருந்தால் கம்பெனி நஷ்டப்படும். கம்பெனி நஷ்டப்படாமல் இருந்தால் சந்தா மலிவாக இருக்காது. அமெரிக்க அனுபவம் சொல்லும் பாடம் இதுதான். இந்தியாவில் யாராவது ‘வாங்குறதைவிட சந்தா எல்லாருக்கும் மலிவு’ என்று சொன்னால், அந்தக் கணக்கில் ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தியாவில் வந்த விதம்

இங்கே கதை தலைகீழாகத் தொடங்கியது. சொகுசு கார்களில் இல்லை, சாதாரண கார்களில். 2019-ல் ஹூண்டாய், ரெவ் நிறுவனத்தோடு சேர்ந்து சந்தா கொடுத்தது. 2020-ல் மாருதி சுஸூகி ‘சப்ஸ்கிரைப்’ திட்டத்தைத் தொடங்கி, பிறகு சென்னைக்கும் கொண்டுவந்தது. 2021-ல் மஹிந்திரா ஃபைனான்ஸ் ‘குயிக்லிஸ்’ என்ற பெயரில் லீஸ், சந்தா தளம் ஆரம்பித்தது. இங்கே வந்த திட்டங்களில் ஒரே காரை 1 முதல் 4 வருஷம் வரை வைத்துக்கொள்ளும் வகைதான் அதிகம். கேடிலாக் மாதிரி வருஷத்துக்கு 18 தடவை மாற்றும் கதை இங்கே இல்லை. பெயர் சந்தா, உடம்பு லீஸ்.

சொகுசு கார் சந்தையே இந்தியாவில் சிறியது. 2024-ல் எல்லா சொகுசு பிராண்டுகளும் சேர்ந்து விற்றது சுமார் 50,000 கார்கள். மொத்த கார் விற்பனையில் ஒரு சதவிகிதம் அளவுதான். முதலிடத்தில் இருந்த மெர்சிடிஸ் அந்த ஆண்டு விற்றது 19,565. செங்கல்பட்டு பக்கத்தில் 2007-லிருந்து பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை ஓடுகிறது. ஆனாலும் ஜி.எஸ்.டி ரோட்டில் அதைத் தாண்டிப் போகும் நம்மில் பலருக்கு அந்த கார் எட்டாத தூரம்தான். சந்தாவும் லீஸும் அந்தத் தூரத்தைக் குறைத்துக் காட்டுகின்றன. நிஜமாவே குறையுதா?

50 லட்ச ரூபாய் கார்: ஒரு கணக்கு

எக்ஸ்-ஷோரூம் விலை 50 லட்சம் என்று ஒரு காரை வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, ரவுண்டான எண்கள்.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் சாலை வரி 20%. அப்போ 10 லட்சம் அங்கேயே போச்சு. முதல் வருஷ இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் 2 லட்சம் என்று வைத்தால், ஆன்-ரோடு 62 லட்சம். (10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1% டி.சி.எஸ் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியது என்பதால் விட்டுவிடுவோம்.)

கையிலிருந்து 12 லட்சம், லோன் 50 லட்சம், 9% வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ சுமார் 1,03,800 ரூபாய். மனசுக்குள்ள நாம போடும் கணக்கு இந்த ஒரு லட்சத்தோடு நின்றுவிடும். உண்மையான மாசச் செலவு என்ன என்பது, எப்போது விற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

*ஒரே வருஷத்தில் விற்றால்:* முன்பணம் 12 லட்சம், 12 இ.எம்.ஐ 12.5 லட்சம். மிச்ச லோன் இன்னும் 41.7 லட்சம் இருக்கும். கார் 38 லட்சத்துக்குப் போகிறது என்று வைப்போம். ஒரு வருஷ சொகுசு காருக்கு இது மோசமான விலை இல்லை. அப்படியும், காரை விற்ற பிறகு லோனை அடைக்க நீங்கள் 3.7 லட்சம் கையிலிருந்து போட வேண்டும்! மொத்தச் செலவு 28 லட்சத்துக்கு மேல். மாசத்துக்கு சுமார் 2.35 லட்சம்.

*மூன்று வருஷத்தில் விற்றால்:* கார் பாதி விலைக்கு, 25 லட்சத்துக்குப் போகிறது என்போம். 36 இ.எம்.ஐ 37.4 லட்சம், மிச்ச லோன் 22.7 லட்சம். அடுத்த இரண்டு வருஷ இன்ஷூரன்ஸுக்கு 3 லட்சம், சர்வீஸுக்கு 2 லட்சம். எல்லாம் கூட்டிக் கழித்தால் 52 லட்சம். மாசத்துக்கு சுமார் 1.45 லட்சம்.

*எட்டு வருஷம் ஓட்டினால்:* லோன் 5 வருஷத்தில் முடிந்துவிடும். கடைசியில் கார் 10 லட்சத்துக்குப் போகிறது. இடையில் இன்ஷூரன்ஸ் 8 லட்சம், சர்வீஸும் வாரன்டி முடிந்தபிறகு வரும் ரிப்பேரும் சேர்த்து 12 லட்சம். மாசத்துக்கு சுமார் 88,000.

பெட்ரோல், டிரைவர், பார்க்கிங் இதில் இல்லை; அவை மூன்று வழியிலும் வரும். லோனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி கேட்கும் கட்டணமும், 12 லட்சத்தை டெபாசிட்டில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியும் சேர்க்கப்படவில்லை. அவற்றைச் சேர்த்தால் வாங்குபவரின் எண் இன்னும் கொஞ்சம் கூடும்.

இப்போ இந்த மூன்று எண்ணையும் வரிசையா பாருங்க: 2.35 லட்சம், 1.45 லட்சம், 88,000. அதே கார், அதே லோன், அதே ஆள். மாறியது எத்தனை வருஷம் வைத்திருந்தார் என்பது மட்டும்தான். உங்கள் கையில் ஒரு சந்தா கோட்டேஷனோ லீஸ் கோட்டேஷனோ வந்தால், அதை இ.எம்.ஐ-யோடு ஒப்பிடாதீங்க. இந்த எண்ணோடு ஒப்பிடுங்க. 12 மாசச் சந்தா என்றால் முதல் எண்ணோடு. 3 வருஷ லீஸ் என்றால் இரண்டாவது எண்ணோடு. ‘நான் ஒரு காரை வாங்கினா எட்டு வருஷம் விட மாட்டேன்’ என்கிறவரா நீங்க? அப்போ மூன்றாவது எண்ணோடு ஒப்பிட வேண்டும். அந்த எண்ணை லீஸோ சந்தாவோ ஜெயிப்பது ரொம்பக் கஷ்டம்.

கார், விலை, வட்டி மாறினால் எண்கள் மாறும். வரிசை மாறாது.

தேய்மானம் யார் தலையில்?

மேலே நாம போட்ட ‘பாதி விலை’ என்பதே ஓர் ஊகம்தான். அது தப்பினால் யாருக்கு அடி? வாங்கியவருக்கு. லீஸிலும் சந்தாவிலும் அந்த அடி கம்பெனிக்கு.

இது சும்மா தியரி இல்லை. 2025 செப்டம்பர் 22-ம் தேதி ஜி.எஸ்.டி மாறியது நினைவிருக்கும். அதுவரை பெரிய கார்களுக்கு 28% ஜி.எஸ்.டி-யும் அதன் மேல் செஸ்ஸும் சேர்ந்து 45 முதல் 50% வரை வரி இருந்தது. அன்று முதல் செஸ் போய், 40% என்று ஆனது. சொகுசு கார்களின் விலை பல லட்சம் இறங்கியது. புதிதாக வாங்குபவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஆகஸ்ட்டில் முழு வரி கட்டி வாங்கியவர் நிலை? புது கார் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்கும். அவர் எந்தத் தப்பும் செய்யாமலேயே அவருடைய காரின் மதிப்பு குறைந்தது. அதே ஆகஸ்ட்டில் சந்தா எடுத்தவரின் சொத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

மின்சார கார்களில் இந்த ரிஸ்க் இன்னும் அதிகம். பேட்டரி தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது. இன்று 500 கிலோமீட்டர் போகும் கார், நாலு வருஷத்தில் பழைய மாடல் போனைப்போல ஆகிவிடலாம். மின்சார கார்களுக்கு ஜி.எஸ்.டி 5% மட்டுமே என்பதால் வாங்கும்போது லாபமாகத் தெரியும். விற்கும்போது யார் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதற்கு இங்கே நீண்ட அனுபவம் இல்லை. சொகுசு ஈ.வி ஒன்றில் ஆசை என்றால், அந்த ஊகத்தை லீஸ் கம்பெனியின் தலையில் விடுவது நியாயமான காரணம்தான்.

லீஸ்: வேலையோடு கட்டிப்போட்ட கார்

ஐ.டி வேலையில் இருப்பவர்களுக்கு லீஸ் என்றால் நினைவுக்கு வருவது ஆபீஸ் மூலம் எடுக்கும் கார். கம்பெனி லீஸ் எடுத்து உங்களுக்குக் கொடுக்கும். வாடகை உங்கள் சி.டி.சி-யிலிருந்து வரிக்கு முன்பே கழியும். காரை ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்துப் பயன்படுத்தினால், முழு வாடகையும் உங்கள் வருமானமாகக் கணக்காகாது. விதிகளில் சொல்லப்பட்ட ஒரு சிறிய நிலையான தொகைதான் சலுகை மதிப்பாகச் சேரும். 30% வரி கட்டும் ஒருவருக்கு இது பெரிய மிச்சம். ஆபீஸ் வேலைக்கே பயன்படுத்தாமல் முழுக்கச் சொந்த உபயோகம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

வரியில் பார்த்தால் மூன்று வழிகளில் இதுதான் சம்பளக்காரர்களுக்கு லாபம். ஆனால் இதற்குள் ஒரு கண்ணி இருக்கு. வேலையை விட்டால் என்ன ஆகும்? பொதுவாக மூன்று வழிதான்: புதுக் கம்பெனிக்கு லீஸை மாற்ற வேண்டும், அல்லது மிச்சத் தொகையைக் கட்டி நீங்களே காரை வாங்க வேண்டும், அல்லது அபராதம் கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்களாக நல்ல ஆஃபரோடு மாறினால் முதல் வழி சுலபம். ஆனால் ஆள்குறைப்பில் வேலை போனால்? சம்பளம் நின்ற அதே வாரத்தில் லீஸ் முடிப்பதற்கான லட்சக்கணக்கான பில்லும் வந்து நிற்கும். மழை வரும் நாளில் குடையைத் திருப்பிக் கேட்பது மாதிரி.

ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்கு மாறுவதும் இதே மாதிரிதான். சென்னையில் 10 லட்சம் சாலை வரி கட்டி வாங்கிய காரோடு பெங்களூரு போகிறீர்கள். 12 மாசத்துக்கு மேல் அங்கே ஓட்டினால் மறுபதிவு செய்து கர்நாடகாவின் சாலை வரியைக் கட்ட வேண்டும். அங்கேயும் அது அதிகம். தமிழ்நாட்டில் கட்டியதில் மிச்ச காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம்தான். ஆனால் ஆர்.டி.ஓ ஆபீஸ் படிகளை எத்தனை தடவை ஏற வேண்டும் என்பது தனிக் கதை. வேலையும் ஊரும் உறுதியில்லாத ஒருவருக்கு சந்தாவில் உள்ள ‘போகலாம்’ என்ற உரிமை இந்த இடத்தில்தான் நிஜமான மதிப்பு பெறுகிறது.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் தொழிலுக்குப் பயன்பட்டால், வாங்கியவர் வருஷம் 15% தேய்மானமும் லோன் வட்டியும் செலவாகக் காட்டலாம். லீஸ் எடுத்தவர் வாடகையைக் காட்டலாம். ஆனால் ‘லீஸ் எடுத்தா ஜி.எஸ்.டி கிரெடிட் எடுத்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீங்க. சாதாரணத் தொழில்களுக்குப் பயணிகள் காருக்கு அந்த கிரெடிட் கிடையாது, வாங்கினாலும் சரி, லீஸானாலும் சரி. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மாசக் கட்டணம். ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் உங்கள் பர்ஸ்.

• ஜி.எஸ்.டி சேர்த்தா, சேர்க்காமலா? டிரைவர் இல்லாமல் காரை மட்டும் வாடகைக்கு விடும்போது, அந்த கார் விற்பனைக்கு என்ன ஜி.எஸ்.டி விகிதமோ அதே விகிதம்தான் வாடகைக்கும். ‘1 லட்சம் பிளஸ் ஜி.எஸ்.டி’ என்றால் அது 1,40,000. ஒரு சின்ன ‘பிளஸ்’ எவ்வளவு பெருசுன்னு பாருங்க.

• குறைந்தபட்சம் எத்தனை மாசம்? ‘எப்ப வேணா போகலாம்’ என்பது பெரும்பாலும் ‘இத்தனை மாசத்துக்கு அப்புறம் எப்ப வேணா போகலாம்’ என்பதுதான். அதற்கு முன்னால் போனால் அபராதம் எவ்வளவு என்பதை ரூபாயில் எழுதி வாங்குங்கள்.

• கிலோமீட்டர் வரம்பு என்ன? மாசம் 1,000 கிலோமீட்டர் என்று வரம்பு இருந்தால், சென்னையிலிருந்து மதுரை போய்த் திரும்பும் ஒரே பயணம் அதில் முக்கால்வாசிக்கு மேல் சாப்பிட்டுவிடும். கூடுதல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டணம் என்ன?

• விபத்து நடந்தால் என் பங்கு எவ்வளவு? இன்ஷூரன்ஸ் இருந்தாலும் ஒரு தொகை வரை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். சொகுசு காரில் ஒரு ஹெட்லைட் மாற்றுவதே சில லட்சம் போகலாம். டயரும் அலாய் வீலும் யார் கணக்கு?

• கீறல் எது, சேதம் எது? திருப்பிக் கொடுக்கும் நாளில் நடக்கும் சண்டை எல்லாம் இதில்தான். கார் கைக்கு வரும் அன்றே சுற்றிலும் வீடியோ எடுத்து மெயிலில் அனுப்பி வையுங்கள்.

• நம்பர் பிளேட் என்ன நிறம்? வாடகை காராகப் பதிவானால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து. உங்கள் பெயரில் பதிவானால் வழக்கமான வெள்ளை. மாருதியின் சந்தாவில் இரண்டு வகையும் உண்டு. பந்தாவுக்காகவே சொகுசு கார் எடுக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கடைசிக் கேள்வியோடு ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லணும். வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்ஸ்டாவிலும் ‘மாச வாடகைக்கு ஆடி, பென்ஸ்’ என்று தனி ஆட்கள் விளம்பரம் போடுகிறார்கள். வெள்ளை பிளேட் போட்ட சொந்த காரைக் காசு வாங்கிக்கொண்டு வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அது போதும். 50 லட்ச ரூபாய் காரின் ரிப்பேர் பில்லும், அடிபட்டவருக்கான இழப்பீடும் யார் தலையில் விழும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

அப்போ யாருக்கு எது?

*சொந்தமாக வாங்கலாம்:* ஒரே ஊர், நிலையான வருமானம், ஏழெட்டு வருஷம் அதே காரை ஓட்டும் பொறுமை. இந்த மூன்றும் இருந்தால் அப்பா சொன்னதுதான் சரி. ஆனால் ‘மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்’ என்ற ஆசை இருந்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

*லீஸ் எடுக்கலாம்:* ஆபீஸ் மூலம் வரிச் சலுகை கிடைக்கிறது, குறைந்தது மூன்று வருஷம் வேலை உறுதி, தேய்மான ரிஸ்க் வேண்டாம் என்பவர்கள். கூடவே, வேலை போனால் லீஸை முடிக்க ஆகும் தொகையைத் தனியாக டெபாசிட்டில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாத லீஸ் ஒரு சூதாட்டம்.

*சந்தா எடுக்கலாம்:* ஒன்று, ஒன்றரை வருஷம் மட்டும் இந்த ஊரில் இருப்பேன் என்பவர்கள். அடுத்த வருஷம் வெளிநாடு போகப்போகிறவர்கள். ஈ.வி வாங்கும் முன் நிஜமாகவே ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள். இவர்களுக்கு சந்தா விலை அதிகமாகத் தெரிந்தாலும், வாங்கி ஒரு வருஷத்தில் விற்பதைவிடக் குறைவாக இருந்தால் லாபம்தான். மூன்று நாலு வருஷம் விடாமல் சந்தா கட்டுவது மட்டும் வேண்டாம். பயன்படுத்தாத உரிமைக்கு மாசாமாசம் காசு கட்டுவது அது.

விளம்பரங்கள் பேசாத நாலாவது வழி ஒன்றும் இருக்கு. மூன்று வருஷம் ஓடிய அதே காரைப் பாதி விலைக்கு வாங்குவது. முதல் மூன்று வருஷத்தின் பெரிய தேய்மானத்தை வேறு யாரோ கட்டிவிட்டார்கள். வாரன்டி மிச்சம் இருக்கிறதா, சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரின் விலைதான் பாதி, ஸ்பேர் பார்ட்ஸின் விலை முழுசு என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த எல்லா வழிகளுக்கும் முன்னால் ஒரு சோதனை. உங்கள் வருமானம் ஆறு மாதம் நின்றுபோனால், இந்த காரிலிருந்து வெளியே வர எவ்வளவு செலவாகும்? வாங்கினால் அது லோன் பாக்கிக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளி. லீஸில் அது அபராதம். சந்தாவில் அது மிச்சமிருக்கும் குறைந்தபட்ச மாதங்கள். அந்தத் தொகையை ஒரு பேப்பரில் எழுதுங்கள். உங்கள் சேமிப்பிலிருந்து அதைக் கட்ட முடியும் என்றால், எந்த வழியில் எடுத்தாலும் அந்த கார் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. முடியாது என்றால், மாசக் கட்டணம் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் அது இன்னும் உங்கள் கார் இல்லை.